"புதிதாகக் கட்டிய ரேஸ் என்ஜின்" என்று வாங்கி ஏமாந்த கதை: பணம் அனுப்பும் முன் படித்துவிடுங்கள்

ஹாட் சா, அதாவது பைக் என்ஜின் வைத்துக் கட்டும் மரம் அறுக்கும் போட்டி ரம்பம், கட்டுவதற்காகப் பழைய மோட்டோகிராஸ் (மண் பாதை ரேஸ் பைக்) என்ஜின் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் போர்ட் வேலை (சிலிண்டரின் வாயில்களைக் கடைந்து வேகம் கூட்டுவது) செய்த ஆர்எக்ஸ் 100 என்ஜினை வீடியோவை மட்டும் பார்த்து வாங்க நினைப்பவர்களும் படிக்கலாம். டூ-ஸ்ட்ரோக் எங்கே இருந்தாலும் ஏமாற்றும் வழி ஒன்றுதான். எங்களுக்குப் போனது 2,350 டாலர். பணம் போனால் போகட்டும், அந்த என்ஜின் எங்கள் முன்னால் ஓடிய பத்துப் பன்னிரண்டு வினாடியை என்னால் மறக்க முடியவில்லை.

நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே. லேத் பட்டறையில் வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாழ்நாள் முழுக்கக் காட்டில் மரம் வெட்டியவர். அவர்தான் என்னை முதன்முதலில் ஹேவர்டு ஊருக்கு அழைத்துப் போனார். 1960 முதல் அங்கே மரம்வெட்டிகளின் உலகப் போட்டி நடக்கிறது. ஒரு காலத்தில் அறுவை மில்லுக்குப் போக வேண்டிய கட்டைகளை மிதக்கவிட்டிருந்த நீர்நிலைதான் இப்போது போட்டிக் களம். கோடாரி, இரண்டு பேர் இழுக்கும் ரம்பம், தண்ணீரில் கட்டையை உருட்டிக்கொண்டே அதன்மேல் நிற்பது என்று எல்லாம் பார்த்தேன். ஹாட் சா கிளம்பியபோது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பெட்ரோலும் டூ-டீ ஆயிலும் எரிந்த அந்த வாசனை வந்ததும், பள்ளிக்கூட நாட்களில் மாமாவின் ஆர்எக்ஸ் 100-க்குப் பின்னால் உட்கார்ந்து போன ஞாபகம் வந்துவிட்டது. அன்றே இதில் இறங்கிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் மிகப் பெரிய செயின் சாக்களில் ஒன்று ஸ்டிஹ்ல் எம்எஸ் 881. அதன் என்ஜின் 121.6 சிசி. ஹாட் சா அப்படிக் கடையில் வாங்குவது இல்லை, அவரவர் பட்டறையில் கட்டுவது. பனிவண்டி என்ஜின், மோட்டோகிராஸ் பைக் என்ஜின் என்று 250 சிசி, அதற்கு மேலும் வைப்பார்கள். கையில் தூக்கினால் 25 கிலோ தாண்டும். டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்ற மரம்வெட்டிகளின் போட்டித் தொடரில் சுமார் 46 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் மூன்று வட்டு அறுக்க வேண்டும். முதலில் மேலிருந்து கீழே, அடுத்து கீழிருந்து மேலே, மறுபடி மேலிருந்து கீழே. மூன்று வட்டும் சேர்ந்து 15 செ.மீ. தடிமனுக்குள் அடங்க வேண்டும். ஒரு வட்டு பாதியில் பிய்ந்தாலும் போச்சு. என்ஜின் அணைந்த நிலையில் இருக்கும், சிக்னல் வந்த பிறகுதான் கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். கை தேர்ந்தவர்கள் ஆறேழு வினாடியில் முடித்துவிடுகிறார்கள்.

நாங்கள் உலகப் போட்டிக்குப் போகிற ஆட்கள் இல்லை. கோடையில் இந்தப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் சின்னச் சின்னப் போட்டிகள் நடக்கும், அதற்குத்தான் ஆசைப்பட்டோம். பெரியவரிடம் பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் இருந்தன. சட்டம், கைப்பிடி, ஸ்ப்ராக்கெட் எல்லாம் நான் லேத்தில் கடைந்துவிட்டேன். என்ஜின் மட்டும்தான் பாக்கி.

வேறொரு மாநிலத்தில் ஒருவர் ஹோண்டா சிஆர்250ஆர் என்ஜினை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். அவர் பெயரையோ பட்டறையின் பெயரையோ இங்கே போடப் போவதில்லை. 249 சிசி. கியர்பாக்ஸ் பகுதியை அறுத்து எடுத்து, திறந்த இடத்தில் அலுமினியத் தகடு வைத்து வெல்ட் அடித்து, ஹாட் சாவில் அப்படியே பூட்டும்படி தயார் செய்ததாம். சிலிண்டரின் உள்சுவருக்கு நிக்காசில் என்ற கடினப் பூச்சு புதிது, பிஸ்டன் புதிது, கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் புதிது என்று எழுதியிருந்தார். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜில் முள் 185 பிஎஸ்ஐ-யைத் தொடும் வீடியோவும் இருந்தது. போனில் பேசியபோது அரை மணி நேரம் போர்ட் டைமிங் (சிலிண்டரின் வாயில்கள் திறந்து மூடும் நேரம்) பற்றி அவ்வளவு விவரமாகப் பேசினார். விஷயம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்ததால்தான் அவரால் அவ்வளவு சுத்தமாக ஏமாற்ற முடிந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

பணத்தை "நண்பர்கள், உறவினர்களுக்கு அனுப்புவது" என்ற வழியில் அனுப்பச் சொன்னார். கமிஷன் மிச்சமாகும் என்றார். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தே அனுப்பினேன், வேறு யாரோ வாங்கிவிடுவார்களோ என்ற அவசரம்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. என்ஜின் முழுக்கப் பளபளவென்று கறுப்பு பெயின்ட். சைலன்சர் மாட்டும் வாயிலிருந்து கெட்டியான ஆயில் வடிந்து அட்டைப்பெட்டியின் அடி ஊறிப்போயிருந்தது. "துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றியிருப்பான்" என்றார் பெரியவர். சரி என்று விட்டுவிட்டோம்.

எதையும் முதல் தடவை கிளப்பும்போது பாரும் சங்கிலியும் மாட்டவே கூடாது என்பது பெரியவரின் கண்டிப்பு. என்ஜினை மட்டும் இரும்பு மேசையில் போல்ட் போட்டு இறுக்கினோம். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நாலைந்து வினாடி ஐடிலில் நின்றது. அப்புறம் நான் த்ராட்டிலைத் தொடாமலேயே சத்தம் ஏற ஆரம்பித்தது. ஏறியது, ஏறிக்கொண்டே போனது. என்ஜினை அணைக்கும் கில் சுவிட்சை அழுத்தினேன், நிற்கவில்லை. அதன் வயர் அதிர்வில் கழன்றிருந்தது. அது நான் சரியாக முறுக்காத வயர், அந்தத் தவறு என்னுடையது. பெரியவர் பதறவில்லை. பக்கத்தில் கிடந்த பிளைவுட் துண்டை எடுத்து கார்புரேட்டர் வாயில் வைத்து அழுத்திப் பிடித்தார். மூச்சு முட்டி நின்றது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஏன் அப்படி ஏறியது? டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் ஆயிலும் காற்றும் சேர்ந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறை) போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும். அதனால் கிராங்க் கேஸில் காற்று புக ஊசித் துளைகூட இருக்கக் கூடாது. இருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து கலவை மெலிந்துவிடும். மெலிந்தால் என்ஜின் தானாக வேகம் எடுக்கும், சூடேறும், ஆயில் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சங்கிலி மாட்டியிருந்தால் த்ராட்டிலை விட்ட பிறகும் அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அந்த வேகத்தில் சங்கிலி அறுந்தால் தெறிக்கும் துண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரிதான் போகும். பெரியவரின் பேத்தி அன்று கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிரித்தோம். அசிட்டோனில் துணியை நனைத்துத் தேய்த்ததும் பெயின்ட் போய்விட்டது. அதன் கீழே, ஊரில் தண்ணீர்த் தொட்டி ஓட்டைக்கு அப்புவோமே எம்-சீல், அந்த மாதிரிப் பசை. அதைச் சுரண்டினால் வெல்டில் வரிசையாகத் துளைகள். நான் தினமும் வெல்டிங் வேலையைப் பார்க்கிறவன், அழுக்கு அலுமினியத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் வெல்ட் அடித்தால் இப்படித்தான் ஆகும். விளம்பரப் படத்தில் இருந்த புது பிஸ்டன் எங்கள் என்ஜினில் இல்லை. உள்ளே இருந்ததன் தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். ரிங்குகளுக்குக் கீழே பிஸ்டன் பழுப்பேறிக் கிடந்தது, எரிந்த வாயு ரொம்ப நாளாக ரிங்கைத் தாண்டி இறங்கியிருக்கிறது. சிலிண்டர் சுவரில் பழைய கீறல்கள், அவற்றின்மேல் எமரித் தாள் ஓட்டிய தடம். நிக்காசில் பூச்சு என்பது நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள்கள் கலந்த மெல்லிய படலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். எமரி போட்டுத் தேய்த்து அதைப் புதிதாக்க முடியாது. பழைய பூச்சை உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

அப்படியானால் அந்த 185? நாங்களே செய்து பார்த்தோம். பழைய பிஸ்டனோடு திரும்பப் பூட்டிக் காய்ந்த சிலிண்டரில் கேஜ் வைத்தால் 120-க்குக் கொஞ்சம் மேலே. பிளக் துளை வழியாக இரண்டு ஸ்பூன் ஆயில் ஊற்றி இழுத்தால் 180-ஐத் தாண்டியது. ஆயில் ரிங்கின் இடுக்கை அடைத்துக்கொள்ளும், இடமும் குறையும், முள் ஏறும். பெட்டி ஊறிப்போக வடிந்த ஆயில் அந்த வீடியோவுக்கு ஊற்றிய ஆயில்தான் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

போன் செய்தேன். முதலில் "நீங்கள் பூட்டிய விதம் தப்பு" என்றார். படங்களை அனுப்பினேன். "ரேஸ் என்ஜினுக்கு உத்தரவாதம் கிடையாது" என்றார். பெட்டிக்குள் இருந்த ரசீதைப் பாருங்கள் என்றார். அதில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி, உதிரி பாகங்களுக்காக" என்று இருந்தது. பேசியபோதும் விளம்பரத்திலும் வராத வார்த்தை அது. அடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். இன்னொரு மாநிலத்தில் வழக்குப் போட்டு அலைந்தால் ஆகும் செலவு என்ஜின் விலையைத் தாண்டிவிடும் என்று விட்டுவிட்டோம். பணம் அனுப்பிய நிறுவனமும், அந்த வழியில் அனுப்பியதால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது.

இப்படி வாங்கப் போகிறவர்கள் கம்ப்ரஷன் வீடியோவை ஒரு பொருட்டாகவே எடுக்காதீர்கள். காற்றுக் கசிவு சோதனையைக் கேளுங்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றினால், ஐந்தாறு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் எங்கே கசிகிறது என்று குமிழி காட்டிக்கொடுக்கும். வெட்டாமல் எடுத்த ஒரே வீடியோவாகக் கேளுங்கள், என்ஜினின் எண்ணும் அதில் தெரிய வேண்டும். சிலிண்டரைக் கழற்றிக் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழுமாகத் துளியும் ஆடக் கூடாது. பூச்சு வேலையை வெளியே கொடுத்திருந்தால் அந்த இடத்தின் ரசீது இருக்கும், அதைக் கேளுங்கள். பெயின்ட் அடித்த கிராங்க் கேஸை வாங்கவே வாங்காதீர்கள். நல்ல வெல்டை யாரும் மூடி வைப்பதில்லை, எல்லோருக்கும் காட்டத்தான் ஆசைப்படுவார்கள்.

அவர் எங்களுக்குக் காட்டிய வீடியோவில் இருந்த அதே மேசை, அதே நீல விரிப்பு, அதே சிவப்பு ஓரம் வைத்த கேஜோடு போன வாரம் இன்னொரு என்ஜினுக்கு விளம்பரம் வந்திருக்கிறது. வீடியோவில் முள் ஏறும்போது சைலன்சர் வாயைக் கவனித்துப் பாருங்கள், ஈரமாக மினுங்குவது தெரியும். எங்கள் படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். கிராங்க் கேஸில் பழைய வெல்டை முழுக்க அரைத்து எடுத்தாகிவிட்டது. பெரியவர் தினமும் சாயங்காலம் வந்து, தகடு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போகிறார்.