இன்டர்லாக்கனில் வீடு எடுத்துத் தங்கப் போகிறீர்களா? கெஸ்ட் கார்டு கைக்கு வராமல் பஸ் ஏறாதீர்கள்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் சமையலறையோடு வீடு எடுத்துத் தங்கத் திட்டமிட்டிருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். சுற்றுலா வரி என்று எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, அதற்குத் தர வேண்டிய அட்டையைத் தராமல், அட்டை இல்லாத குற்றத்துக்கு எங்களைப் பஸ்ஸில் அபராதமும் கட்ட வைத்து, கிளம்புகிற அன்று மசாலா வாசனை என்று டெபாசிட்டிலும் கை வைத்தார் ஒரு வீட்டுக்காரர். இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவிஸ், ஆஸ்திரியா, ஜெர்மனியின் பவேரியா என்று ஆல்ப்ஸ் மலையோர ஊர்கள் பலவற்றில், இரவு தங்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு வரி வாங்குவார்கள். ஜெர்மனில் குர்டாக்ஸ என்பார்கள். ஓட்டலில் தங்கினாலும் தனி வீட்டில் தங்கினாலும் உண்டு. வீட்டு உரிமையாளர் நம்மிடம் வாங்கி ஊர் நிர்வாகத்துக்குக் கட்ட வேண்டும். பதிலுக்கு நம் பெயரில் ஒரு விருந்தினர் அட்டை தருவார்கள், அதுதான் கெஸ்ட் கார்டு. இன்டர்லாக்கனில் அந்தக் கார்டு இருந்தால் உள்ளூர் பஸ்ஸில் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அருங்காட்சியகம் போன்ற சிலவற்றில் தள்ளுபடியும் கிடைக்கும். உரிமையாளர் நம் பாஸ்போர்ட்டைப் பார்த்து, தங்குவோர் படிவத்தில் பெயர்களைப் பதிவு செய்தால்தான் கார்டு உருவாகும். பதிவு இல்லையென்றால் கார்டும் இல்லை.

நாங்கள் போனது நான், மனைவி, ஐந்து வயது மகள், என் அம்மா. அம்மா வெளியில் அதிகம் சாப்பிட மாட்டார். அங்கே ஒரு சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து எழுந்தாலே ஒரு தட்டுக்கு 25 ஃபிராங்குக்குக் குறையாது. ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் அடுப்பு உள்ள வீடாகத் தேடி, பெயர் பெற்ற ஒரு முன்பதிவுத் தளத்தில் பிடித்தோம். சுற்றுலா வரியை நேரில் கட்ட வேண்டும் என்று தளத்திலேயே போட்டிருந்தது. அது அங்கே வழக்கமானதுதான்.

போய் இறங்கியதும் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு சாவி கொடுத்தார். வரி, கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம், 300 ஃபிராங்க் டெபாசிட் என எல்லாவற்றையும் ரொக்கமாக வாங்கி எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, ஈமெயிலில் அனுப்புகிறேன் என்றார். பாஸ்போர்ட்டைப் பார்க்கவும் இல்லை, படிவம் நிரப்பச் சொல்லவும் இல்லை. பஸ்ஸுக்கு என்ன செய்வது என்று மனைவி தெளிவாகவே கேட்டார். "நீங்கள் வரி கட்டிவிட்டீர்கள், இந்த ஊரில் உங்களுக்கு பஸ் இலவசம், ஏறி உட்காருங்கள்" என்றார். கார்டு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

இன்டர்லாக்கனில் வெஸ்ட் (மேற்கு), ஓஸ்ட் (கிழக்கு) என்று இரண்டு ரயில் ஸ்டேஷன்கள். மறுநாள் வெஸ்ட் ஸ்டேஷன் பக்கமிருந்து ஓஸ்ட் ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் போனோம். சாதாரண உடையில் இருந்த ஒரு பெண்மணி அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார். விவரம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கெஸ்ட் கார்டைக் காட்டுங்கள் என்றார். அப்படி ஒன்று எங்களுக்குத் தரப்படவில்லை என்றோம். கைக்கருவியில் பாஸ்போர்ட் விவரங்களைத் தட்டி, பெரியவர்கள் மூவருக்கும் ஆளுக்கு நூறு ஃபிராங்க் அளவில் அபராதச் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை என்பதால் மகள் தப்பினாள். அந்தப் பெண்மணி மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார், அவர் வேலையைச் செய்தார். ஆனால் பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அறுபத்தெட்டு வயதில் ஒருநாளும் டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறாத என் அம்மா, கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தபோது அவர் கை நடுங்கியது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அன்று மதியம் சாப்பிடப் போன உணவகத்தில், சமையற்கட்டிலிருந்து நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா வெளியே வந்தார். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து சுவிஸ் வந்தவர்கள் ஏராளம்; அங்கே ஓட்டல், உணவகச் சமையற்கட்டுகளில் தமிழ்க் குரல் கேட்பது அபூர்வமில்லை. அபராதச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, குர்டாக்ஸ குடுத்தனீங்களோ?" என்றார். கொடுத்தோம் அண்ணா என்றேன். "அப்ப கார்ட் தந்திருக்க வேணுமே. காசு வாங்கினா பதியவேணும், பதிஞ்சா கார்ட் வரும். அந்தாள் உங்களைப் பதியவே இல்லைப் போல கிடக்கு. உடன சுற்றுலா அலுவலகத்துக்குப் போங்கோ" என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் இதை நாங்கள் எங்கள் தலையெழுத்து என்று விட்டிருப்போம்.

சுற்றுலா அலுவலகத்தில் தேடிப் பார்த்தார்கள். எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. அதாவது எங்களிடம் வாங்கிய வரி அதுவரை ஊருக்குப் போகவில்லை. எழுத்தில் புகார் வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே வீட்டுக்காரரிடமிருந்து எல்லோருக்கும் கார்டு ஈமெயிலில் வந்து விழுந்தது, மறந்துவிட்டேன் என்று ஒரு வரியோடு. மறந்தவர் பணத்தை மட்டும் மறக்காமல் வாங்கியது எப்படி? அபராதத்தைப் பற்றிக் கேட்டதற்கு அது உங்கள் பாடு என்றுவிட்டார். பஸ் நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தோம். பயணம் செய்த நேரத்தில் செல்லுபடியாகும் கார்டு இல்லை, ஆகவே கட்டியே ஆக வேண்டும் என்று பதில் வந்தது. அங்கே இதில் மன்றாடிப் பயனில்லை. மறுபடி பிடிபட்டால் தொகை இன்னும் கூடும்.

அப்புறம் கிளம்புகிற நாள். வீட்டைத் துடைத்து, பாத்திரம் கழுவி, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். அவர் வந்தார். திரைச்சீலையைப் பிடித்து முகர்ந்தார். சோபா மெத்தையைத் தூக்கி முகர்ந்தார். அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் பெட்டியின் வலையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், "கறி வாசனை, சிறப்புச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று சொல்லி டெபாசிட்டில் 150 ஃபிராங்கை எடுத்துக்கொண்டு மீதியை நீட்டினார். சுத்தம் செய்ய ஏற்கெனவே தனியாகக் கட்டணம் வாங்கியிருந்தார். நாங்கள் அங்கே சமைத்தது ரசமும் தயிர் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். சமைக்கலாம் என்று விளம்பரம் செய்து வாடகைக்கு விட்டுவிட்டு, நாம் சமைத்ததும் அதற்குத் தண்டனை போடுவது அநியாயம். நம்மைப் பார்த்ததும், இவர்கள் விமானம் பிடிக்கிற அவசரத்தில் சண்டை போட மாட்டார்கள் என்ற தைரியம்தான் அது.

இங்கே மனைவி செய்த ஒரு காரியம் எங்களைக் காப்பாற்றியது. வந்த அன்றே அறை அறையாக, அந்த வலை உட்பட, வீடியோ எடுத்து வைத்திருந்தார். வலையில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அன்றைக்கே அப்பியிருந்தது வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. அதை முன்பதிவுத் தளத்துக்கு அனுப்பியதும், சில வாரம் இழுத்தடித்து அந்த 150 ஃபிராங்கைத் திருப்பித் தந்தார்கள். அபராதப் பணம் போனது போனதுதான்.

ஆகவே ரொக்க டெபாசிட் கேட்கும் வீடுகளை முடிந்தவரை தவிருங்கள். தளத்தின் வழியாகவோ கிரெடிட் கார்டிலோ பிடித்து வைக்கும் டெபாசிட் என்றால் தகராறு வந்தால் கேட்க ஒரு ஆள் இருப்பார். ரொக்கம் கொடுத்தே தீர வேண்டும் என்றால் பணம் கை மாறும் அதே நிமிடத்தில் தேதி, தொகை, கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்குங்கள். ரசீதுக்கு ஜெர்மன் சொல் குவிட்டுங், அப்படிக் கேட்டால் அவர்களுக்குப் புரியும். குப்பையிலும் கவனம் வேண்டும்: அந்த வட்டாரத்தில் கட்டணம் செலுத்தி வாங்கும் தனிப் பையில்தான் குப்பை போட வேண்டும், கண்ணாடிப் புட்டிகளைப் பிரித்துப் போட வேண்டும். டெபாசிட்டில் கழிக்க இது இன்னொரு சாக்கு. எந்தப் பை, எங்கே வைப்பது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கடைகளில் பணம் போகிற வழி ஒன்றும் இருக்கிறது. வங்கிக் கார்டைச் செருகியதும் கருவியின் திரையில் ரூபாயா, ஃபிராங்கா என்று கேட்கும். ரூபாயில் காட்டினால் நமக்கு வசதிதானே என்று தோன்றும். எப்போதும் ஃபிராங்கையே அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது நம் வங்கி விகிதத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். ஃபிராங்க் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இரட்டை நஷ்டம், ஃபிராங்க் ரூபாயாகி மறுபடி ஃபிராங்கில் கழியும். நினைவுப்பொருள் கடை ஒன்றில் விற்பனையாளர் என்னைக் கேட்காமலே தானாக ரூபாயை அழுத்தினார். ரத்து செய்து மறுபடி போடச் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தார். நீங்களும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பல கடைகளில் யூரோ நோட்டு வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மீதி ஃபிராங்கில் வரும், விகிதமும் அவர்கள் இஷ்டம்.

யுங்ஃப்ராவ்யோக் பற்றி ஒரு வார்த்தை. இன்டர்லாக்கன் பக்கமிருந்து ரயிலிலேயே ஏறிப் போகும் பனிமலைக் கணவாய் அது. 3,454 மீட்டர் உயரம். முழுக் கட்டணம் ஆளுக்கு 200 ஃபிராங்கைத் தாண்டும். நம் ஊரில் இருக்கும்போதே தேதி போட்டு, பணம் திரும்ப வராத டிக்கெட்டை இடைத்தரகர்கள் விற்பார்கள். வாங்காதீர்கள். மேலே மேகம் மூடினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். உச்சியின் நேரடி கேமரா காட்சி இணையத்தில் இலவசம். காலையில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். கோடையில் இருக்கை முன்பதிவு கேட்பார்கள், இடம் இருந்தால் அதையும் அப்போதே ரயில்வேயிடமே செய்துகொள்ளலாம். ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் பாதிக் கட்டணம். நாடு முழுக்க ரயில், பஸ், படகில் போக வெளிநாட்டவர் வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தாலும், வழியில் உள்ள கிரிண்டெல்வால்ட், வெங்கென் ஊர்கள் வரைதான் இலவசம், அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. முழுப் பயணமும் பாஸில் அடக்கம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். பெரியவர்களை அழைத்துப் போனால் மேலே மெதுவாக நடக்க விடுங்கள், காற்று மெலிவு உடனே தெரியும். ஓஸ்ட் ஸ்டேஷனில் ஏறும்போது பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள். ஒரே ரயில் வழியில் ஸ்வைலூட்ஷினெனில் பிரிந்து ஒரு பாதி லாட்டர்புருனெனுக்கும் மறு பாதி கிரிண்டெல்வால்டுக்கும் போகும்.

வீடு பிடிக்கும் முன் உரிமையாளருக்குத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இரண்டு கேள்வி அனுப்புங்கள், வாட்ஸப்பில் வேண்டாம். கெஸ்ட் கார்டு எங்கள் எல்லோர் பெயரிலும் வந்த அன்றே கிடைக்குமா? தினமும் இந்தியச் சமையல் செய்வோம், அதற்குத் தனிக் கட்டணம் ஏதும் உண்டா? எழுத்தில் நேரான பதில் வந்தால் பிடியுங்கள். மழுப்பினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். இன்டர்லாக்கனில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை.