ஐந்துக்கு நான்கு: எங்கள் சில்வர் மேப்பிளைப் பார்க்க வந்த ஆர்பரிஸ்ட்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் நிற்கிற சில்வர் மேப்பிள் மரத்துக்காகப் போன மாதம் ஒரு மரப் பராமரிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். காலை எட்டு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பத்தரைக்குத்தான் வந்தார்கள். மரத்தூளையும் ஒழுங்காகக் கூட்டவில்லை. ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைத்தது. மற்றபடி, வரியோடு கொடுத்த 1,450 டொலருக்கு எனக்கு வருத்தமில்லை.

2013 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாள் முந்தி, ரொறன்ரோவில் உறைபனி மழை, அதாவது பட்ட இடத்திலேயே பனிக்கட்டியாக உறைகிற மழை, பெய்தது. சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் போயின. அன்றிரவு படுத்திருந்தபடி கொப்புகள் முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் என்பதால் மனைவி எழும்பி உட்கார்ந்துவிட்டாள். விடிந்து பார்த்தால் மேப்பிளின் பாதி ஷெட்டின் மேல் கிடந்தது. மீதிக் கொப்புகளைக் காப்பாற்றுகிறேன் என்று தும்புத்தடியால் பனிக்கட்டியைத் தட்டப் போய், இன்னும் இரண்டை நானே முறித்தேன். தட்டவே கூடாதாம், அதுவாக உருகும்வரை விட வேண்டுமாம்.

இந்த முறை வந்த ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு நிபுணர், ஒரு பெண் பிள்ளை. முப்பது வயதிருக்கும். மரம் அறுக்கிற வாளை எடுக்கும் முன் அரை மணி நேரம் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். 'முன்பு யாரோ தலையை மொட்டையடித்திருக்கிறார்களே' என்றாள். அந்த யாரோ நான்தான். மலிவாகக் கிடைத்த ஒருவரைக் கொண்டு வெட்டுவித்தேன். அப்படி வெட்டிய இடத்தில் நெருக்கமாகத் துளிர்க்கிற கொப்புகளுக்குப் பிடிப்பு கிடையாது, பாரம் ஏறினால் அவைதான் முதலில் கழன்று விழும் என்றாள். ஷெட்டுக்கு வந்த கேடு விளங்கியது.

நான் அதுவரை மரக்கட்டை உறுதியாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அவள் காட்டியது கவரை, அதாவது தண்டு இரண்டாகப் பிரிகிற இடத்தை. எங்கள் மேப்பிள் ஆள் உயரத்துக்கு மேல் ஒடுங்கிய கவராக இரண்டாகப் பிரிகிறது. அந்த இடுக்கில் பட்டை உள்ளே மடிந்து நிற்பதால் இரு பக்கமும் ஒட்டவே இல்லை. பனிக்கட்டி படிந்தால் ஒரு கொப்பின் பாரம் பத்து மடங்கு, சிலவேளை நூறு மடங்குகூட ஏறுமாம். சில்வர் மேப்பிள் எங்கள் ஊர் முருங்கை மாதிரி, விறுவிறென்று வளரும், சடக்கென்று முறியும். மெல்லிய சுள்ளிகள் நிறைய இருக்கிற மரத்தில் பனி ஒட்டவும் இடம் நிறைய. சைபீரியன் எல்மும் அப்படித்தான்.

2013இல் எங்கள் தெருவில் கண்டதும் இதற்குப் பொருந்துகிறது. மூலைவீட்டு வெள்ளை ஓக் சில சுள்ளிகளோடு தப்பியது. ஸ்புரூஸ் குடையை மடக்கினது போலக் கொப்புகளைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. முன்வீட்டு பேர்ச் வில்லாக வளைந்து தலை நிலத்தைத் தொட்டது. பிறகு அது முழுதாக நிமிரவேயில்லை.

மரத்தை வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ரொறன்ரோவில் அடிமரம் 30 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேல் என்றால் சொந்த வளவு மரத்துக்கும் மாநகர அனுமதி வேண்டும். அதைவிட, எடுக்கத் தேவையில்லை என்று அவளே சொன்னாள். பெரிய வேலையைத் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. பழுதான கொப்புகளையும் மொட்டையடித்ததில் வந்த பலவீனமானவற்றையும் மட்டும் எடுத்தார்கள். கவருக்கு மேலே, உச்சிக்குப் போகிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், இரு தண்டையும் கேபிளால் இணைத்தார்கள். ஏறியவர் கயிற்றில்தான் ஏறினார். முன்பு வந்தவர் ஆணிக்காலணியோடு ஏறிய குத்துகள் பட்டையில் இன்னும் தெரிகின்றன.

பக்கத்தில் ஒரு புது மரம் வைக்க யோசனை கேட்டோம். மனைவி ஆசைப்பட்டது வசந்தத்தில் வெள்ளையாய்ப் பூக்கிற பிராட்ஃபோர்ட் பேர் என்கிற அழகு மரத்தை. கொப்பெல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற மரம், பனிக்கு நிற்காது என்று ஆர்பரிஸ்ட் மறுத்துவிட்டாள். ஜிங்கோ நல்லது, ஆனால் ஆண் மரமாகப் பார்த்து வாங்குங்கள், பெண் மரத்துப் பழம் நாறும் என்றாள். மனைவிக்கு இன்னும் கோபம்தான்.

கேபிளைச் சில வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமாம். அதற்கும் இவர்களைத்தான் கூப்பிடுவேன். கூட்டுவதற்குத் தும்புத்தடியை நானே எடுத்து வைத்துக்கொள்வேன்.