ஐயாலிக் விரிகுடாவா, நார்த்வெஸ்டர்ன் ஃபியார்டா?

அலாஸ்காவின் சூவர்ட் துறைமுகத்திலிருந்து கீனாய் ஃபியார்டுகளை, அதாவது பனியாறுகள் குடைந்த குறுகிய கடற்கால்களை, காணப் புறப்படுவோர், சுமார் 6 மணி நேர ஐயாலிக் விரிகுடாப் பயணத்துக்கும், அதைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகும் நார்த்வெஸ்டர்ன் ஃபியார்டுப் பயணத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். கடல் நீர்நாய், ஸ்டெல்லர் கடற்சிங்கம், பஃபின் பறவை ஆகியவற்றைக் காணும் வாய்ப்பு இரண்டிலும் உண்டு. ஐயாலிக்கில் ஒரே பெரும் பனியாற்றின் முன்னே படகு எஞ்சினைத் தணித்து நிற்கையில், நீலப் பனிச்சுவர் உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிய, அதன் இடியோசை சற்றுப் பிந்தியே காதுக்கு எட்டுகிறது. நார்த்வெஸ்டர்னிலோ ஹார்டிங் பனிப்பரப்பிலிருந்து இறங்கும் பல பனியாறுகள் சுற்றிலும் தொங்க, கோடைத் தொடக்கமாயின் மிதக்கும் பனிக்கட்டிகள்மீது சீல்கள் குட்டிகளோடு படுத்திருப்பதையும் காணலாம். எனக்கு நீண்ட பயணமே பிடிக்கும்; ஆயினும் திறந்த கடலின் ஆட்டத்தில் குமட்டல் எடுப்பவர்களுக்கு ஐயாலிக்கே தாராளம். எதில் ஏறினாலும் ஜூலையிலும் கம்பளிக் குல்லாய் தேவைப்படும்.