ரிமோட் டெஸ்க்டாப்பில் அவுட்லுக்: ஆன்லைன் மோடா, கேச்டு மோடா?

"சார், அவுட்லுக் தொங்குது." ரிமோட் டெஸ்க்டாப் சர்வரை (பலர் தூரத்திலிருந்து லாகின் ஆகி வேலை செய்யும் மெஷின்) பார்த்துக்கொள்கிறவனுக்குத் திங்கட்கிழமை இப்படித்தான் விடியும். ஆட்-இன் (அவுட்லுக்கில் சேர்க்கும் துணை நிரல்), ஆன்டிவைரஸ் என்று கிளம்புவதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: ஜன்னலின் அடியில், வலது ஓரத்தில் என்ன போட்டிருக்கிறது? 'ஆன்லைன் வித்' என்று ஆரம்பித்தால் ஆன்லைன் மோடு. 'கனெக்டட் டு' என்றால் கேச்டு மோடு. வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

ஆன்லைன் மோடில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் மெயில் எதுவும் சேமிப்பதில்லை. ஒவ்வொரு க்ளிக்கும் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சுக்குப் போய்த் திரும்புகிறது. ஐந்து சர்வரில் எதில் லாகின் ஆனாலும் கவலையில்லை. தேடலையும் எக்ஸ்சேஞ்சே பார்த்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்ச் அதே ரேக்கில் இருந்த காலத்தில் இதுக்கு ஈடில்லை. மெயில்பாக்ஸ் கிளவுடுக்குப் போன பிறகுதான் தொங்கல். சந்தேகமிருந்தால் டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் அவுட்லுக் ஐகானை கன்ட்ரோல் பட்டனோடு ரைட் க்ளிக் செய்து 'கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ்' திறக்கலாம். 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ்' பெரிதாகவும் 'ஆவரேஜ் ப்ராசஸ்' சின்னதாகவும் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் மேல் பழியில்லை, வழியில்தான் நேரம் போகிறது.

கேச்டு மோடு 2003 பதிப்பில் வந்தது. மெயில்களின் நகல் ஓஎஸ்டி என்ற ஃபைலில் இங்கேயே இறங்கிவிடுவதால் க்ளிக் செய்தவுடன் திறக்கும். ஆனால் 40 பேருக்குத் தலா 10 ஜிபி என்றாலே 400 ஜிபி. ப்ரொஃபைல் (ஆளின் செட்டிங்ஸும் ஃபைல்களும்) நிலைக்காத சர்வரில் காலைதோறும் மறுபடி முதலிலிருந்து இறங்கும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். இதற்கு எஃப்எஸ்லாஜிக்ஸ் கன்டெய்னர் நல்ல மருந்து: ஆளுக்கொரு விர்ச்சுவல் டிஸ்க், லாகின் ஆகும் சர்வரில் வந்து ஒட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கிய சாமான் இது.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஓஎஸ்டிக்கு உச்சவரம்பு, மாற்றாவிட்டால், 50 ஜிபி. கன்டெய்னருக்கோ அதே நிலையில் சுமார் 30 ஜிபிதான். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அம்மாவுக்கு மட்டும் அவுட்லுக் திறக்கவே இல்லை. அவருடைய சொந்த மெயில்பாக்ஸ் 4 ஜிபிதான். ஆனால் பில்களுக்கென்று வைத்திருந்த ஷேர்டு மெயில்பாக்ஸ் முழுவதும் அவருடைய ஓஎஸ்டிக்குள் இறங்கி டிஸ்க்கை அடைத்திருந்தது. 'டவுன்லோடு ஷேர்டு ஃபோல்டர்ஸ்' டிக்கை எடுத்தோம். சரி, அது மட்டும் போதாது, ஃபைல் தானாகச் சுருங்காது. அவுட்பாக்ஸில் எதுவும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு ஓஎஸ்டியை அழித்தோம்; புதிதாக உருவாகி மதியத்துக்குள் வேலை நடந்தது.

கேச்டு மோடில் தேடல் வேறு ஒரு தலைவலி. விண்டோஸ் சர்வர் 2016இல் இண்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்) மெஷினுக்கு ஒன்று. ஆள் சர்வர் மாறினால் தேடல் காலியாக வரும். 2019 முதல் ஆளுக்குத் தனி இண்டெக்ஸ், அதைக் கன்டெய்னருக்குள்ளேயே வைக்கலாம்.

புது அவுட்லுக், பிரவுசர் இரண்டும் ஓஎஸ்டி தொல்லை இல்லாதவைதான். ஆனால் காம் என்ற பழைய வகை ஆட்-இன்னை நம்பிப் பிழைக்கும் அலுவலகத்தில் எடுபடாது.

என் கணக்கு இது: மெயில் கட்டிடத்துக்குள்ளேயே என்றால் ஆன்லைன். கிளவுட் என்றால் கேச்டு, கன்டெய்னரோடு, எத்தனை மாத மெயில் இறங்கலாம் என்கிற ஸ்லைடரை 3 மாதத்தில் நிறுத்தி. கன்டெய்னர் போட வழியில்லையென்றால் ஆன்லைனையே சகித்துக்கொள்வேன். ஓஎஸ்டியை நெட்வொர்க் ஷேரில் நேராக மட்டும் வைக்க மாட்டேன்.