இருபது வயது சான்ட்ரோ: செலவு செய்யலாமா, தள்ளிவிடலாமா?

2006-ல் வாங்கிய சான்ட்ரோ ஸிங். பெட்ரோல், 1086 சி.சி. இன்ஜின். பவர் ஸ்டீயரிங் உண்டு, ஏ.சி. உண்டு, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. மடிப்பாக்கம் வீட்டிலிருந்து கிண்டி ஆபீஸ், சனி ஞாயிறு தி.நகர், மயிலாப்பூர், எப்போதாவது மகாபலிபுரம். அதன் உலகம் அவ்வளவுதான். இந்த வருடம் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிகிறது. மறுபடி ரெனியூவல் போடுவதா, யாராவது கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவதா என்று வீட்டில் சில மாதங்களாகவே பஞ்சாயத்து.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். பதினைந்து வருடம் ஆனால் பெட்ரோல் வண்டியை உடைக்கக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது டில்லி வட்டாரத்துக் கதை. அங்கே டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று வரம்பு வைத்து வருடக்கணக்கில் வழக்கு நடக்கிறது. சென்னையில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு கெடு இல்லை. பதினைந்து வருடம் முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டணம்தான் சும்மா இல்லை. 2021-ல் நான் முதல் ரெனியூவல் போட்டபோது 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்துவிட்டது. பசுமை வரி தனி. "வச்சுக்கோ, ஆனா காசு கட்டு" என்கிறது அரசாங்கம்.

என் மச்சான் கணக்கு ரொம்ப எளிது. "வண்டி வித்தா அறுபதாயிரம் தேறாது. அதுல அம்பதாயிரம் போடுவேங்கறீங்களே, மாமா!" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அறுபதாயிரம் என்பது வாங்குகிறவனின் கணக்கு. நான் வண்டியை விற்கப்போவதில்லை, ஓட்டப்போகிறேன். அது இல்லாவிட்டால் வேறு எதற்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான் என் கணக்கு. புது வண்டி என்றால் ஐந்து வருட இ.எம்.ஐ. இரண்டு லட்சத்துக்குப் பழைய வண்டி வாங்கினால், அதன் கிளட்ச் எப்போது போட்டது, டைமிங் பெல்ட் மாற்றினார்களா, வெள்ளத்தில் நின்றதா, எதுவும் தெரியாது. என் வண்டியில் எது எப்போது மாற்றியது என்பது பில்லோடு இருக்கிறது.

ஆகவே விலையை விட்டுவிட்டு, வேலை எந்த வகை என்று பார்க்க ஆரம்பித்தேன். கழற்றி மாட்டுகிற சாமான் எதுவானாலும் எனக்குப் பயமில்லை. லோயர் ஆர்ம், புஷ், ஷாக் அப்சார்பர், கிளட்ச் செட், ரேடியேட்டர் எல்லாம் ஜி.பி. ரோட்டில் புதிதாகக் கிடைக்கும். கதவு, ஹெட்லைட், கண்ணாடி, ஸ்விட்ச் மாதிரியான ஐட்டங்களுக்குப் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை. இவ்வளவு எண்ணிக்கையில் ஓடிய வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காமல் போக இன்னும் நாளாகும். ஏ.சி. மட்டும் கொஞ்சம் அழ வைக்கும். டேஷ்போர்டையே கழற்றினால்தான் கூலிங் காயிலைத் தொட முடியும். சாமான் விலையை விடக் கூலி அதிகம். இந்த ஊர் மே மாதத்தில் ஏ.சி. ஆடம்பரம் இல்லை என்பதால் அதையும் ஒருமுறை செய்தாயிற்று.

பயப்பட வேண்டியது துருவுக்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் கதவின் அடி விளிம்புக்கு மேல் ஏறி உள்ளே வந்துவிட்டது. வடிந்த பிறகு சாவி போட்டுப் பார்க்கவே இல்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்து ஸ்டார்ட் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, ஆயில் எல்லாம் மாற்றியதில் இன்ஜின் தப்பியது. கார்ப்பெட்டையும் மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்தோம். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் தரையோடு ஒட்டின மாதிரி ஒரு மெத்தை இருக்கும். அது குடித்த தண்ணீரை லேசில் விடாது. அடியில் என்னதான் கோட்டிங் அடித்திருந்தாலும், துரு உள்ளிருந்து கிளம்பினால் அந்தக் கோட்டிங் எதற்கு? (2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த ஏரியாக்காரர்களாக இருக்க முடியாது.)

இந்த முறை ரெனியூவலுக்கு முன்னால் எங்கள் மெக்கானிக் பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "பாய், பாடி தாங்குமா?" அவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். வலது பக்கம் நெடுக 'டங் டங்' என்று இறுக்கமான சத்தம். கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் இடது ரன்னிங் போர்டில், பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், சத்தம் மங்கி 'டொக்'கென்றது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி முனையால் குத்தினார். பெயின்ட்டோடு தகரம் பொடிந்து விழ, முனை உள்ளே போய்விட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அங்கே நிற்காமல் முன்னால் போய், போனட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் வந்து உட்காருகிற இடத்தையும், கீழே இன்ஜினைத் தாங்கும் கிராஸ் மெம்பரையும் தட்டினார். ரெண்டும் கெட்டி.

"இது வெட்டி ஒட்டற வேலைதான் சார். முன்னாடி போயிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்."

என் முடிவு அங்கேயே ஆகிவிட்டது. ஷாக் அப்சார்பர் உட்காருகிற இடம் துருவேறினால் வீல் அலைன்மென்ட் நிற்காது, டயர் தின்னும், மோதினால் வண்டி மடிகிற விதமே மாறிவிடும். அதை வெல்டிங் வைத்து நம்பி ஓட்ட நான் தயாரில்லை. ஓட்டையை பட்டி வைத்து மூடி பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் பாதி விலை சொன்னார். ஆர்.டி.ஓ. கண்ணுக்கு மறையும், தகரத்துக்கு என்ன வரும்? இடது பக்கம் அரித்ததை முழுக்க வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்தோம். கையோடு லோயர் ஆர்ம் இரண்டு, புஷ், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் மாற்றினோம். பங்கில் இப்போது கிடைப்பது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது, மைலேஜும் கொஞ்சம் இறங்கும். எல்லாம் சேர்த்து மச்சான் பயந்த தொகையைவிடக் கொஞ்சம் கம்மி.

இன்ஷூரன்ஸில் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போடுகிறேன். இந்த சி.சி.க்கு 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் ஐ.டி.வி. (இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போடும் மதிப்பு) சொற்பம், ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள். இவ்வளவு பழைய வண்டியில் ஒரு கதவும் ஒரு ஃபெண்டரும் அடிபட்டால் அந்த எல்லை வந்துவிடும்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏர்பேக் இல்லாத வண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டக் கூடாது. எவ்வளவு ரிப்பேர் செய்தாலும் இந்தக் குறை தீராது. ஊருக்கு இனி நெல்லை எக்ஸ்பிரஸ்தான்.

தள்ளிவிடுவது என்று முடிவு செய்பவர்களுக்கு ஒன்று. கார் போனால் போதும் என்று வெறும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். விற்றால் ஃபார்ம் 29, 30 கொடுத்து பெயர் மாறிவிட்டதா என்று கடைசிவரை பாருங்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உடைக்கக் கொடுத்தால் அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சர்ட்டிஃபிகேட் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். எடைக்குப் போட்டு வரும் காசு எல்லா இடத்திலும் கம்மிதான். அதற்காக எந்தத் தாளும் இல்லாமல் கொடுத்துவிட்டு, நம் நம்பர் பிளேட் எந்த ஊரில் எந்த வண்டியில் ஓடுகிறதோ என்று தூக்கம் கெட வேண்டாம்.

பெயின்ட் அடிக்கவில்லை. போனட்டில் வெயில் தின்ற திட்டுகள் அப்படியே இருக்கின்றன. இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், லைட், ஹாரன், பிரேக் பார்த்தார். அந்தத் திட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.