ஷெட்டில் கிடந்த ஈ-டைப்: யாரிடம் கொடுப்பது?

ஜாகுவார் ஈ-டைப் என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானபோது பிரிட்டனில் அதன் விலை வரியோடு சேர்த்து சுமார் 2,100 பவுண்ட். 1974 வரை 70,000-க்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அவற்றில் ஒரு ரகம் உண்டு. விபத்தில் சிக்கியதில்லை, பாடி உளுத்துப் போகவில்லை, சும்மா நிறுத்தப்பட்ட கார். ஓட்டியவருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போயிருக்கும், இல்லையென்றால் வீட்டில் வேறு பெரிய செலவு வந்திருக்கும். அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்த்தி மூடியவர், பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் அது மகனுக்கோ மகளுக்கோ வந்து சேர்கிறது.

இந்த அலசல் அந்த ரகக் காருக்கு மட்டும்தான். அதிலும் 1964 அக்டோபரில் வந்த 4.2 லிட்டர் எஞ்சின் சீரிஸ் 1-ஐ (ஈ-டைப்பின் முதல் தலைமுறை) மனதில் வைத்தே எழுதுகிறேன். பாடியை அறுத்து, பெயின்ட்டை உரித்து, புதுக் கார் மாதிரி ஆக்குவது வேறு வேலை, வேறு பட்ஜெட். இங்கே தேவை இவ்வளவுதான்: நின்ற காரை நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்குப் பட்டறைப் பில் எகிறுகிறது.

போட்டியில் இருப்பவை மூன்று. ஜாகுவார் கம்பெனியே நடத்தும் கிளாசிக் பட்டறை. ஈ-டைப் வேலையே தொழிலாக வைத்திருக்கும் தனி நிபுணரிடம் முழுக் காரையும் விட்டுவிடுவது. வேலையை வீட்டு ஷெட்டில் நாமே செய்து, கஷ்டமான பாகங்களை மட்டும் நிபுணரிடம் அனுப்புவது. தெருமுனை கராஜை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே இருக்கும் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் மூன்று எஸ்.யூ. கார்புரேட்டர்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கிற வேலையை அவன் பார்த்தே இருக்கமாட்டான். டயர் மாற்ற அவனிடம் போகலாம்.

எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் யார் செய்வது என்பதைப் பேச முடியும். நின்ற காரில் கெடுவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, திரவமும் ரப்பரும்தான். பெட்ரோல் வார்னிஷாக மாறி டேங்க் அடியிலும் கார்புரேட்டர் ஜெட்டிலும் ஒட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருந்தே பிஸ்டனுக்குத் துரு ஏற்றும். பழைய கூலன்ட் எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டை அரிக்கும். அந்த அரிப்பு ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களைச் சுற்றிப் படிந்துவிட்டால், பிறகு ஹெட்டைக் கழற்றுவது பெரும்பாடு. கிளட்ச் தட்டு, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கும். டயர் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும்.

ஈ-டைப்பின் முன்பக்கத்தில் வேலை சுலபம். பானட் மொத்தமும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். எல்லாம் கைக்கு எட்டும். பின்பக்கம்தான் சோதிக்கும். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃப்ரன்ஷியலை (எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஒட்டி இருக்கின்றன. டிஃப்ரன்ஷியல், டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர், குலுக்கலைத் தாங்கும் நான்கு ஸ்பிரிங்-டேம்பர் எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள். ஓட்டும்போது டிஸ்க்கின் சூடு பக்கத்தில் இருக்கும் ஆயில் சீலை வேகவைக்கும். சீல் விட்டால் கியர் ஆயில் நேராக டிஸ்க்கில் கசியும். ஹேண்ட் பிரேக்குக்குத் தனிக் குட்டிக் கேலிப்பர்கள் உண்டு, அவை நின்றபடியே இறுகிவிடும். காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தால் அந்தக் கேலிப்பரின் ஓரம் தெரியும், விரல் நுனியால் தொடலாம். ஸ்பேனர் வைத்துத் திருப்பத்தான் இடமில்லை. உருப்படியாக எதுவும் செய்ய வேண்டுமென்றால் கூட்டையே இறக்க வேண்டும். மூன்று வழிகளையும் இந்தக் கூட்டை வைத்தே எடைபோடலாம்.

கம்பெனியின் கையில்

கோவென்ட்ரி அருகே ரைட்டனில் 2017-ல் ஜாகுவார் லேண்ட் ரோவர் கிளாசிக் பட்டறையைத் திறந்தார்கள். அந்த வருஷமே ‘ரீபார்ன்’ என்ற பெயரில், கம்பெனியே முழுமையாகப் புதுப்பித்த ஈ-டைப்களை விற்கத் தொடங்கினார்கள். ஆரம்ப விலை 285,000 பவுண்ட். வேலைத் தரத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொகையே அவர்கள் எந்த வகை வேலைக்குத் தயாராக இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. பெட்ரோல் பைப்பும் பிரேக் சீலும் மாற்றி ஓட வைத்தால் போதும் என்கிற காருக்கு இந்த இடம் அதிகம்.

இங்கே போனால்தான் காரின் பூர்வீகம் உறுதியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் ஆவணக் காப்பகத்திலிருந்து சான்றிதழ் தருகிறது. சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள் அதில் இருக்கும். வேலை எங்கே நடந்தாலும் உரிமையாளர் அதை வாங்கலாம். முதலில் அதை வாங்கிவிட வேண்டும் என்பேன். பிளாக்கில் பொறித்த எண்ணும் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால், அந்த எஞ்சினை யாரிடமும் மாற்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

கம்பெனிப் பட்டறை பொருந்துகிற கார் ஒன்று உண்டு. 1961-ல் முதன்முதலில் வந்த சில நூறு கார்களில் பானட் பூட்டு வெளியே இருக்கும், தனிச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். தரைத் தகடும் தட்டையாக இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தவருக்குச் செலவு ஒரு பொருட்டாக இருக்கப் போவதில்லை. மற்றவர்கள் அடுத்ததற்குப் போகலாம்.

தனி நிபுணர்

ஈ-டைப்பை மட்டுமே தொட்டுப் பழகியவரின் பலம் கையில் இருப்பதைவிடக் கண்ணில் அதிகம். உதாரணத்துக்கு முன் சட்டம். எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குவது ரெனால்ட்ஸ் 531 என்கிற மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன சட்டம். போல்ட் போட்டு பாடியோடு சேர்த்திருப்பார்கள். அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும்போதே உள்ளே குழாய் காகிதமாகியிருக்கலாம். எந்த மூலையில் தட்டிப் பார்க்க வேண்டும், எங்கே நுண்ணிய விரிசல் விழும் என்பது பழகியவருக்குத்தான் தெரியும். ஒட்டுப் போட்டு வெல்டிங் வைக்கிற இடமும் இல்லை அது. பழுது என்றால் சட்டத்தையே மாற்ற வேண்டும். வீட்டு ஷெட்டில் வேலை பார்ப்பவர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது.

பின்கூடும் அப்படித்தான். நமக்கு வாரக்கணக்கில் இழுக்கிற வேலை, காரைத் தூக்கும் ஹாயிஸ்ட் வைத்திருக்கும் இருவருக்குச் சாதாரணம்.

சரி, நல்ல நிபுணரை எப்படி அடையாளம் காண்பது? நான் ஒரே கேள்வி கேட்பேன்: ‘டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருகிறேன், அன்றைக்கே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாமா?’ பேட்டரி கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்று உற்சாகமாகச் சொல்பவரிடம் கார் போகக் கூடாது. சரியான ஆள் பழைய பெட்ரோலை இறக்குவார். ஆறு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவிடுவார். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவார். பிறகு ஸ்பேனர் போட்டு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைக் கையாலேயே மெதுவாகத் திருப்பி, எங்காவது தடுக்கிறதா என்று பார்ப்பார். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். இதற்கு நாள் பிடிக்கும், அந்த நாளுக்குக் காசும் ஆகும். தாராளமாகக் கொடுக்கலாம்.

நிபுணரிடம் இருக்கிற ஆபத்து ஏமாற்று அல்ல, ஆசை. ‘இவ்வளவு கழற்றியாச்சு, இதையும் செஞ்சிடலாமே’ என்பார். அவர் சொல்வது பாதி நேரம் சரிதான். கூட்டை இறக்கிவிட்டு பேரிங்கையும் சீலையும் மாற்றாமல் ஏற்றுவது முட்டாள்தனம். ஆனால் அதே வாயால் குரோம் பம்பருக்கும் சீட் தோலுக்கும் போய்விடுவார், நாமும் தலையாட்டிவிடுவோம். ஆகவே எஸ்டிமேட்டை மூன்று கட்டமாக எழுதி வாங்க வேண்டும்: பரிசோதனை, பாதுகாப்பாக ஓட்டத் தேவையானவை, இருந்தால் நன்றாக இருக்கும் என்பவை. மூன்றாவது தாளை ஒரு வருஷம் ஓட்டிய பிறகு பிரித்தால் போதும். பில்லில் பிரிட்டனின் 20 சதவீத வரி தனியாகச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. கூடவே காத்திருப்பு: பேர் எடுத்த பட்டறைகளில் உங்கள் கார் வரிசையில் ஒன்றுதான்.

சொந்த ஷெட்

பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரிட்ஜ்நார்த்தில் இருக்கும் எஸ்.என்.ஜி. பாராட்டிடம் சின்ன ரப்பர் வளையம் முதல் கிடைக்கிறது. பாடித் தகடு வேண்டுமென்றால் நனீட்டனில் மார்ட்டின் ரோபி. அறுபது வருஷப் பழைய காருக்கு இப்படி ஒரு வசதி அபூர்வம்.

பெட்ரோல், கூலன்ட், கார்புரேட்டர் மூன்றும் பொறுமைசாலி கையிலேயே முடியும். டேங்க் அடியில் கழற்றக்கூடிய கிண்ணம் இருக்கிறது. அதைத் திறந்தால் சகதி வெளியே வந்துவிடும். ரப்பர் குழாய்களில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரை அது தின்றுவிடும். எத்தனால் தாங்கும் ஆர்9 ரகக் குழாயாக மாற்றிவிட்டு, பங்கில் 5 சதவீத ரகமான சூப்பர் பெட்ரோல் போடுவது நல்லது. ஈயமில்லாத பெட்ரோல் வால்வு சீட்டை (ஹெட்டில் வால்வு வந்து அமரும் இடம்) கெடுக்குமே என்று பயப்படுபவர்கள் உண்டு. அந்தப் பயம் வார்ப்பிரும்பு ஹெட் உள்ள எம்.ஜி.பி. போன்ற கார்களுக்கு. ஜாகுவாரின் அலுமினிய ஹெட்டில் சீட் தனியாகப் பதித்தது, கவலை குறைவு.

முந்தைய 3.8 லிட்டர் கார் என்றால் இரண்டு விஷயம் மாறும். பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே மூழ்கிக் கிடக்கும். பேட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பழக்கதோஷத்தில் நெகடிவை மாட்டினால் தொல்லை.

வீட்டு வழியின் எல்லை கிளட்ச். ஒட்டிக்கொண்ட தட்டு, பெடலை அமுக்கியபடி மரக்கட்டை வைத்துச் சில நாள் விட்டால் சில சமயம் விடும். விடவில்லை என்றால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். ஒற்றை ஆளாக ஷெட்டில் அதில் இறங்கினால், கார் பெட்டி பெட்டியாகப் பிரிந்து இன்னும் பத்து வருஷம் கிடக்கும். பிரித்துப்போட்ட ஈ-டைப்பை வாங்க வருபவர் நின்ற ஈ-டைப்பின் விலையைத் தரமாட்டார்.

என் தேர்வு

முழுக் காரையும் கொடுப்பதா, எல்லாவற்றையும் நாமே செய்வதா என்று இரண்டே துருவமாகப் பார்க்கத் தேவையில்லை. முதல் செலவு, காசு கொடுத்து நிபுணரை வீட்டுக்கே வரவழைத்துக் காரைப் பார்க்க வைப்பது. முன் சட்டம் தேறவில்லை என்றாலோ கிளட்ச் விடவில்லை என்றாலோ கார் நேராக அவர் பட்டறைக்குப் போகட்டும், மறுபேச்சு வேண்டாம். சட்டம் நன்றாக இருந்தால் கார் வீட்டிலேயே இருக்கட்டும். எஞ்சின், பெட்ரோல், தண்ணீர் வேலை நம்முடையது. பின்கூட்டை மட்டும் ஜாக்கியும் இன்னொரு ஆளும் வைத்து இறக்கி, அப்படியே முழுசாக நிபுணரிடம் அனுப்பலாம். கழுவி, சீல், பேரிங், கேலிப்பர் எல்லாம் புதிதாகத் திரும்பி வரும். முன் கேலிப்பர்களையும் அதோடு சேர்த்து அனுப்பிவிடலாம். பிரேக்கில் சொந்தத் திறமையைப் பரீட்சை செய்ய வேண்டாம்.

வீட்டில் செய்பவர் கடைசியில் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத கார்களுக்கு எம்.ஓ.டி. எனும் வருடாந்தர வாகனத் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் கிடையாது. பன்னிரண்டு வருஷம் நின்ற காரை எவர் கண்ணிலும் காட்டாமல் சட்டப்படியே மோட்டார்வேயில் ஏற்றிவிடலாம் என்று அர்த்தம். எனக்கு இது சரியாகப் படவில்லை. விருப்பப்பட்டு எம்.ஓ.டி. எடுக்க வழி இருக்கிறது, கட்டணமும் சொற்பம். தெருமுனை கராஜைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றேன் அல்லவா, பிரேக்கைச் சோதிக்கும் ரோலர் கருவியில் இடதும் வலதும் சமமாகப் பிடிக்கிறதா என்று அளந்து சொல்ல அந்தப் பையனே போதும்.

1971-ல் வந்த சீரிஸ் 3 என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதில் 5.3 லிட்டர் வி12 எஞ்சின், நான்கு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்கள், பழைய லூகாஸ் எலக்ட்ரானிக் இக்னிஷன், கை நுழைய இடமில்லாத எஞ்சின் அறை. அதை டிரெய்லரில் ஏற்றி நிபுணரிடமே விட்டுவிடுங்கள்.