க்வீசி வினாப்பட்டியல்: ஆண், பெண் இருவருக்கும் ஒரே வெட்டெண் சரியா?

பெயின்ட் வாடையோ டீசல் புகையோ பட்டாலே தலை கனத்து மூச்சு முட்டுகிறவர்களின் பாதிப்பை எண்ணில் பிடிக்க ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்துவது க்வீசி (QEESI) என்னும் வினாப்பட்டியல். அமெரிக்க ஆய்வாளர்கள் கிளாடியா மில்லரும் தாமஸ் பிரிஹோடாவும் 1999-ல் வெளியிட்டது. கால் மணி நேரத்தில் நிரப்பிவிடலாம்.

ஐந்து பிரிவு, பிரிவுக்குப் பத்துக் கேள்வி. ரசாயனம், பிற பொருள்கள், அறிகுறிகள், வாழ்க்கைப் பாதிப்பு ஆகிய நான்கிலும் கேள்விக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். ரசாயனம், அறிகுறி இரண்டிலுமே 40-ஓ அதற்கு மேலோ வந்தால் ரசாயனச் சகிப்பின்மை இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. இந்த 40 என்ற எல்லைதான் வெட்டெண். நோய் இன்னதென்று உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல இது.

ஐந்தாவது பிரிவு வெறும் ஆம், இல்லை. சிகரெட், காபி, மணமூட்டிய துணி மென்மையாக்கி, கேஸ் அடுப்பு என்று அன்றாடம் உடம்பில் படுகிறவற்றைக் கேட்கும். தினமும் படுகிற பொருள் தன் விளைவைத் தானே மறைத்துவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. இங்கே நான்கோ அதற்கு மேலோ 'ஆம்' விழுந்தால் ரசாயனப் பிரிவின் குறைந்த மதிப்பெண்ணை அப்படியே நம்பக் கூடாது. அவசரத்தில் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் மற்றதை நிரப்பியும் பாதிப் பயன்தான்.

கணக்கெடுப்புகளில் ரசாயனச் சகிப்பின்மை உள்ளவர்களில் பெண்களின் எண்ணிக்கையே தொடர்ந்து கூடுதலாக வருகிறது. அதில் ஒரு பங்கு படிவத்திலேயே இருக்கலாம். நெயில் பாலிஷ், அதை அழிக்கும் திரவம், ஹேர்ஸ்ப்ரே மூன்றும் ஒரே கேள்வியில் வருகின்றன. அவற்றோடு பழக்கமே இல்லாத ஆண் 0 போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். சிறுநீர், இடுப்பு வலி பற்றிய அறிகுறிக் கேள்வியிலோ பெண்கள் மாதவிடாய்த் தொல்லையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். 38-க்கும் 42-க்கும் நடுவில் ஒரு கேள்வியே முடிவை மாற்றிவிடும் என்னும்போது இது சின்ன விஷயமல்ல. ஆனாலும் வெட்டெண் இருபாலருக்கும் ஒன்றே.

எனவே ஆண், பெண் ஒப்பீடு செய்பவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் கழித்துவிட்டு, ரசாயனம், அறிகுறி இரண்டிலும் பிரிவுக்கு ஒன்பது கேள்வி வைத்து இன்னொரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் இடைவெளி நின்றால் அதற்குப் பிறகு ஹார்மோன், மோப்பத் திறன், துப்புரவுப் பொருள்களோடு புழங்கும் நேரம் என்று காரணம் தேடலாம். கழிக்காமலே ஹார்மோனுக்குத் தாவுவது அவசரம்.

வைஃபை, மொபைல் சிக்னல் பட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சிலர் சொல்லும் மின்காந்த உணர்திறனுக்கு க்வீசி உதவாது. மூலப் படிவத்தில் அதற்கான கேள்வியே இல்லை. வைஃபை, மொபைல் என்று சொந்தமாக வரி சேர்த்து அதையும் மொத்தத்தில் கூட்டினால் 40 என்ற எல்லைக்குப் பொருளே போய்விடும். தவிர, சிக்னல் ஓடுகிறதா இல்லையா என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் பெரும்பாலானோரால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. போலிச் சிக்னலுக்கும் அதே தலைவலி வந்தது. அறிகுறிகள் உண்மையானவை, மின்காந்தப் புலத்தோடு அவற்றை இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை என்பதே 2005-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆகவே வைஃபைக்கு ஒருவர் 9 போட்டால் அது வேதனையின் அளவு, காரணத்துக்குச் சான்று அல்ல. வைஃபை, மொபைல் பற்றிய பதில்களைத் தனித்தாளில் வாங்குங்கள். அறிகுறி தொடங்கிய நேரம், ரூட்டர் ஓடுவது அவருக்கு அப்போது தெரியுமா என்ற இரண்டையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.